துறைமுகம் இல்லாத கரைக்கு: தரையிறங்கு கப்பல் அணி நீண்ட பயணம் கிளம்புவது எப்படி?

துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் மெட்ராஸுக்கு வந்த கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போட்டுத்தான் நின்றன. ஆளும் சரக்கும் மசூலாப் படகுகளில் ஏறி, அலையைத் தாண்டிக் கரைக்கு வந்து சேர வேண்டும். ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய படகுகள் அவை. அலை தூக்கி மணலில் போட்டாலும் பிளக்காமல் வளைந்து கொடுக்கும். இன்று நமக்குச் சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி என்று அடுத்தடுத்துத் துறைமுகங்கள் இருக்கின்றன. ஆனால் உலகின் கடற்கரையில் பெரும்பகுதி இன்றும் அந்தப் பழைய மெட்ராஸ் நிலையில்தான் இருக்கிறது. கப்பலை அணைக்க மேடை கிடையாது, கிரேன் கிடையாது. புயலோ போரோ வந்தால் இருக்கிற துறைமுகமும் பயன்படாமல் போகலாம்.

அப்படிப்பட்ட கரையில் வீரர்களையும் லாரிகளையும் பீரங்கிகளையும் இறக்குவதற்கென்றே கட்டப்படுபவை ஆம்பிபியஸ் கப்பல்கள், அதாவது தரையிறங்கு கப்பல்கள். இவற்றில் மூன்று சேர்ந்து, ஒரு முழுப் படையை ஏற்றிக்கொண்டு, ஏழெட்டு மாதம் வெளிநாட்டுக் கடல்களில் இருந்துவிட்டு வருவதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. மூன்று கப்பல் அணியை முறை வைத்து மாற்றி மாற்றி அனுப்பும் ஏற்பாடு அமெரிக்கக் கடற்படையில் இருப்பதால், உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்தே வரும்.

நமக்கும் இந்தக் கப்பல்கள் புதிதல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நிவாரணப் பொருட்களோடு சென்னைக்கு வந்த ஐ.என்.எஸ். ஐராவத் இந்த வகைதான். 2020 கொரோனா காலத்தில் மாலத்தீவு, இலங்கை, ஈரான் ஆகிய நாடுகளில் சிக்கிய இந்தியர்களைத் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கிய ஐ.என்.எஸ். ஜலாஷ்வாவும் இந்த வகைதான். ஜலாஷ்வா முன்பு 'டிரென்டன்' என்ற பெயரில் அமெரிக்கக் கடற்படையில் ஓடியது. 2007-ல் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது.

செய்திகளில் நாம் பார்ப்பது புறப்படும் நாளை மட்டும்தான். வெள்ளைச் சீருடையில் மாலுமிகள் கப்பல் ஓரத்தில் வரிசையாக நிற்பார்கள், கரையில் குடும்பங்கள் கையசைக்கும். அந்த அணியால் போன இடத்தில் என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது என்பது அதற்கு வெகு முன்பே, எந்தப் பொருள் எந்தக் கப்பலில் எந்த வரிசையில் ஏறியது என்பதிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடும். அதனால் இங்கே அதைத்தான் கூடுதலாகப் பார்க்கப் போகிறோம்.

அணியில் யார் யார்

தலைமைக் கப்பல் பெரும்பாலும் வாஸ்ப் வகையைச் சேர்ந்தது. நீளம் 257 மீட்டர், எடை 40,000 டன்னுக்கு மேல். மேல்தளம் முழுக்க விமானதளம். ஹெலிகாப்டர்கள், ஹெலிகாப்டர் போல எழும்பி விமானம் போலப் பறக்கும் ஆஸ்ப்ரே, நேராக மேலிருந்து இறங்கக்கூடிய எஃப்-35பி போர் விமானம் எல்லாம் இதிலிருந்து இயங்கும். இரண்டாவது, 208 மீட்டர் நீளமும் சுமார் 25,000 டன் எடையும் கொண்ட சான் அன்டோனியோ வகை. மூன்றாவது பல அணிகளில் 186 மீட்டர் நீளமுள்ள விட்பி ஐலண்ட் அல்லது ஹார்ப்பர்ஸ் ஃபெரி வகை. நம் ஐராவத் சுமார் 125 மீட்டர் என்பதை வைத்து ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இந்த மூன்றிலும் ஏறும் மரைன் (கடலிலிருந்து கரையிறங்கிப் போரிடும் படை) படைப்பிரிவில் சுமார் 2,200 பேர். மாலுமிகளையும் சேர்த்தால் மொத்தம் 4,000-ஐத் தாண்டும். மரைன் பிரிவுக்குள் நான்கு பகுதிகள்: தலைமை, காலாட்படை பட்டாலியன், விமானப் பிரிவு, சப்ளையும் பழுதுபார்ப்பும் கவனிக்கும் பிரிவு. வெளியிலிருந்து எதுவும் வராமலே கரையில் 15 நாள் தாக்குப்பிடிக்கும் அளவுக்குச் சாப்பாடு, எரிபொருள், குண்டு, மருந்து கூடவே வரும்.

கப்பல்களுக்குக் கடற்படை அதிகாரி ஒருவர் தலைவர், மரைன் பிரிவுக்கு ஒரு கர்னல் தலைவர். இருவரும் சம அந்தஸ்து உள்ளவர்கள். ஒருவர் மற்றவருக்குக் கீழே கிடையாது. எந்த வேலையில் யார் சொல்வது நடக்கும், யார் உதவ வேண்டும் என்பதைக் கிளம்பும் முன்பே தெளிவாக எழுதிக்கொள்வார்கள்.

ஏற்றுவதுதான் பெரிய வேலை

சென்னைத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் வேலையில் இருப்பவர்களுக்கு ஸ்டவேஜ் பிளான், அதாவது எந்தச் சரக்கு எங்கே என்ற திட்டம், தெரிந்த விஷயம். கனமானது கீழே, முதலில் இறங்க வேண்டியது கடைசியில் ஏற வேண்டும். தரையிறங்கு கப்பலிலும் விதி அதுதான், நோக்கம் மட்டும் வேறு. வணிகக் கப்பலில் இடம் வீணாகக் கூடாது. இங்கே கொஞ்சம் இடம் வீணானாலும் பரவாயில்லை, இறங்கும் வரிசை குலையக் கூடாது.

அதனால் திட்டத்தைக் கரையிலிருந்து பின்னோக்கிப் போடுவார்கள். கரை தொட்ட முதல் ஒரு மணி நேரத்தில் அங்கே என்ன இருக்க வேண்டும்? அதை எந்தப் படகு கொண்டுபோகும்? அந்தப் படகு நிற்கும் கப்பலில், அந்த வண்டிக்கு முன்னால் வேறெதுவும் குறுக்கே நிற்காமல் இருக்க எந்த இடத்தில் நிறுத்த வேண்டும்? அப்படியானால் அது எத்தனையாவதாக ஏற வேண்டும்? இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைத்த பிறகுதான் முதல் லாரி நகரும். ஒவ்வொரு தரையிறங்கு கப்பலிலும் இதற்கென்றே ஒரு மரைன் அதிகாரி இருப்பார். தளத்தின் வரைபடத்தை அளவு மாறாமல் கணினியில் வைத்து, அதன்மேல் ஒவ்வொரு வண்டியையும் பொருத்திப் பார்ப்பார்.

ஒரு ராணுவ லாரி எப்படி ஏறுகிறது என்று பக்கத்தில் நின்று பார்ப்போம். முதலில் எடை போடுவார்கள், நீள அகல உயரம் அளப்பார்கள். முன் அச்சிலும் பின் அச்சிலும் எவ்வளவு பாரம் என்று கணக்கிட்டு, எடையின் மையம் எங்கே விழுகிறதோ அந்த இடத்தில் வண்டியின் பக்கவாட்டில் குறி வைப்பார்கள். டாங்கி முழுக்க டீசல் நிரப்ப மாட்டார்கள். சூட்டில் விரிய இடம் வேண்டும், கப்பல் சாயும்போது வழியவும் கூடாது. இறங்கும்போது முகம் வாசலைப் பார்த்து இருக்க வேண்டும் என்பதால் பல வண்டிகளை ரிவர்ஸில்தான் ஏற்றுவார்கள். இடத்தில் நின்றதும் ஹேண்ட்பிரேக், சக்கரத்துக்கு அடியில் கட்டை, அதன்பிறகு சங்கிலி. தளத்தில் வரிசையாகப் பதித்திருக்கும் குழிக் கொக்கிகளில் சங்கிலியை மாட்டி, முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் எதிரெதிர்த் திசைகளில் இழுத்து இறுக்குவார்கள். கடலில் போகும்போதும் இந்தச் சங்கிலிக் கட்டுகளை ஆள் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். கப்பல் ஆட ஆடச் சங்கிலி தளரும். ஒரு வண்டி அவிழ்ந்துவிட்டால் பக்கத்து வண்டியை இடிக்கும், அதன் சங்கிலியும் அறும்.

தவறு நடப்பதெல்லாம் சின்ன விஷயங்களில். எடை போட்ட பிறகு யாராவது வண்டியில் நாலு பெட்டி கூடுதலாக ஏற்றிவிடுவார்கள்; கணக்கு பொய்யாகிவிடும். ஆன்டெனாவை மடக்காமல் விட்டால் கூரையில் இடிக்கும். டிரெய்லரை மாட்டியபடியே கொண்டுவந்தால் கப்பலின் உள் சாய்தளத்தில் திரும்ப இடம் பத்தாது. ஒரு ஜெனரேட்டர் ஒரு நாள் தாமதமாக வந்தால், அதற்கு ஒதுக்கிய இடம் உள்மூலையில் அடைபட்டுப் போயிருக்கும். அதை உள்ளே நுழைக்கப் பத்து வண்டியை இறக்கி ஏற்ற வேண்டும், இல்லையென்றால் வரிசையை விட்டுக்கொடுக்க வேண்டும்.

இதில் ஒரு உண்மையான சங்கடம் இருக்கிறது. கிளம்பும்போது எந்த வேலைக்குப் போகிறோம் என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது. சண்டைக்கு என்றால் ஆயுத வண்டிகள் முதலில் இறங்க வேண்டும். வெள்ளத்துக்கு என்றால் மண் தள்ளும் இயந்திரம், தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி, ஆம்புலன்ஸ் இவைதான் முதலில் வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு பான்ஹோம் ரிச்சர்ட் தலைமையில் வந்த அமெரிக்க அணி சுமத்ராவில் நிவாரண வேலையில் இறங்கியது. அந்த அணியின் டுலூத் கப்பல் இலங்கைக்கு உதவப் போனது. சுனாமியை எதிர்பார்த்து ஏற்றிய சரக்கு அல்ல அது. எந்த வேலை வந்தாலும் ஓரளவு ஈடுகொடுக்கும்படி ஏற்றுவதும், நடுவில் மாற்றி அடுக்கக் கொஞ்சம் வெற்றிடம் விட்டுவைப்பதும்தான் அனுபவமுள்ள திட்டக்காரரின் கெட்டிக்காரத்தனம். கப்பலை மூச்சுமுட்ட நிரப்பிவிட்டால் நடுக்கடலில் எதையும் மாற்ற முடியாது.

ஏற்றுவது ஒரே இடத்தில் நடப்பதில்லை. வர்ஜீனியாவின் நார்ஃபோக் தளத்திலிருந்து கிளம்பும் அணி, வட கரோலினா கரைக்கு வந்து, மோர்ஹெட் சிட்டி துறைமுகத்திலும் ஆன்ஸ்லோ கடற்கரையிலும் மரைன்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொள்ளும். மரைன்களின் லெஜூன் முகாம் அங்கே பக்கத்தில் இருப்பதுதான் காரணம். வெடிபொருளை ஊருக்கு நடுவில் இருக்கும் பெர்த்தில் (கப்பல் அணைந்து நிற்கும் இடம்) குவிப்பதில்லை. அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் ஏற்றுவார்கள், அல்லது கடலில் வேறொரு கப்பலிலிருந்து வாங்கிக்கொள்வார்கள்.

கப்பலுக்குள் கடலை விடுவது

இந்தக் கப்பல்களின் பின்பக்கத்தில் வெல் டெக் என்ற பெரிய கூடம் இருக்கும். பின்கதவு திறந்தால் நேராகக் கடல். பலாஸ்ட் டாங்கிகளில் கடல்நீரை இறைத்துப் பின்பகுதியைத் தாழ்த்தினால் கூடத்துக்குள் தண்ணீர் வரும், உள்ளே நிற்கும் படகு மிதந்து வெளியே போகும். வாஸ்ப் வகைக் கப்பல் இப்படி 15,000 டன் வரை நீரை ஏற்றிக்கொள்ளும்.

உள்ளே நிற்கும் படகுகளில் இரண்டு வகை முக்கியமானவை. எல்.சி.ஏ.சி. என்பது காற்று மெத்தையில் மிதக்கும் வாகனம். சுமார் 60 டன் சுமையோடு மணிக்கு 70 கிலோமீட்டருக்கும் மேல் போகும்; அலையைத் தாண்டி, மணல்மேலேயே ஏறி நிற்கும். சாதாரணத் தரையிறங்கு படகு உலகக் கடற்கரையில் சுமார் 15 சதவீத இடங்களில்தான் அணைய முடியும் என்றால், இதனால் 70 சதவீதத்துக்கு மேல் முடியும். மசூலாப் படகு செய்த வேலையை இன்று செய்வது இதுதான். ஆனால் எரிபொருளை ஏராளமாகக் குடிக்கும், மணலும் உப்பும் டர்பைனை அரிக்கும், கடல் கொந்தளித்தால் சுமையைக் குறைக்க வேண்டும். எல்.சி.யு. என்பது பழைய பாணி இரும்புப் படகு. வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர்தான், ஆனால் சுமை இரண்டு மடங்குக்கு மேல். எல்.சி.ஏ.சி.க்கு வெல் டெக்கில் தண்ணீர் குறைவாக இருந்தாலே போதும், எல்.சி.யு.வுக்கு ஆழமாக நிரப்பியாக வேண்டும். அதனால் எந்தப் படகு முதலில் என்பதைப் பொறுத்து நேரமும் மாறும்.

ஐராவத் போன்ற நம் ஷார்துல் வகைக் கப்பல்கள் வேறு வழியில் செய்கின்றன. கப்பலே கரைக்கு வந்து மூக்கை மணலில் வைக்கும். முன்கதவு திறந்து சாய்தளம் இறங்கும். 11 போர் டாங்கிகள், 10 வண்டிகள், 500 வீரர்கள் என்பது இதன் கொள்ளளவு. கரையைத் தொடும் முன்பே பின்பக்க நங்கூரத்தைக் கடலில் போட்டுக்கொண்டே வர வேண்டும். திரும்பும்போது அந்தக் கம்பியைச் சுருட்டித்தான் கப்பல் தன்னைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். நீர் வற்றும் நேரத்தில் ஏறினால் அடுத்த ஏற்றம் வரை மணலில் சிக்கி நிற்க வேண்டியதுதான். சென்னைக் கரையில் நீர்மட்ட ஏற்றஇறக்கம் ஒரு மீட்டரை ஒட்டியது என்பதால் இது பெரிதாகத் தெரியாது. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் அது பல மீட்டர். அங்கே கணக்கு தவறினால் கப்பல் வெறும் தரையில் நிற்கும்.

ஆட்கள் தயாராவது

கிளம்புவதற்கு ஏறத்தாழ ஆறு மாதம் முன்பிருந்தே கப்பல்களும் மரைன்களும் சேர்ந்து பயிற்சி எடுப்பார்கள். பல கட்டமாகக் கடலுக்குப் போய்வருவார்கள். கடைசிக் கட்டம் பரீட்சை மாதிரி. அதில் தேறிய பிறகுதான் அணிக்குச் சான்று.

இந்தக் கட்டம் எவ்வளவு முக்கியம் என்பதை 2020 ஜூலை 30 காட்டியது. கலிஃபோர்னியா அருகே சான் கிளமென்டே தீவை ஒட்டி, பயணத்துக்கான பயிற்சியில் இருந்த ஒரு நீர்நில ஊர்தி மூழ்கி 9 பேர் இறந்தார்கள். ஊர்தியே மோசமான நிலையில் இருந்தது என்றும், தண்ணீருக்குள்ளிருந்து தப்பும் பயிற்சியை உள்ளே இருந்த பலர் முடித்திருக்கவில்லை என்றும் விசாரணையில் வெளிவந்தது. ஒவ்வொன்றும் பட்டியலில் ஒரு கட்டத்தில் டிக் போடும் விஷயம்தான். அந்த டிக்கைப் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டதற்குக் கொடுத்த விலை ஒன்பது உயிர்.

தனிப்பட்ட ஏற்பாடுகள் நம்மூர்க் கப்பல்காரர் வீடுகளுக்குப் பழகியவைதான். வணிகக் கப்பலில் சேருபவர் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுச் சான்று வாங்குவது போல, அங்கேயும் தடுப்பூசி, பல் மருத்துவச் சோதனை, உயில், மனைவிக்கோ பெற்றோருக்கோ பவர் ஆஃப் அட்டர்னி எல்லாம் முடிந்திருக்க வேண்டும். பல் சோதனைக்கு அவ்வளவு கண்டிப்பு ஏன் என்று தோன்றலாம். நடுக்கடலில் ஒருவருக்குப் பல் வலி முற்றினால், அவர் பார்க்கும் இயந்திரத்துக்கு மாற்று ஆள் வேண்டும்.

புறப்படும் நாள்

நீராவிக் கப்பலில் காலையில் சாவி திருகி மாலையில் கிளம்ப முடியாது. வாஸ்ப் வகையில் மேக்கின் ஐலண்ட் என்ற கப்பல் தவிர மற்றவை இரண்டு பாய்லர் கொண்ட நீராவிக் கப்பல்கள். புறப்பாட்டுக்கு வெகு நேரம் முன்பே பாய்லரைப் பற்றவைத்துப் படிப்படியாகச் சூடேற்ற வேண்டும். அவசரப்படுத்தினால் குழாய்கள் சேதமாகும். சுக்கானை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பிப் பார்ப்பார்கள். துறைமுகத்தை விட்டு வெளியேற வழிகாட்டும் பைலட் ஏறுவார், டக் போட்கள் கப்பலை மெல்ல வெளியே இழுக்கும்.

புறப்பாட்டுப் படங்களில் விமானதளம் ஏறத்தாழக் காலியாக இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்படுபவர்கள் உண்டு. விமானங்கள் பெர்த்தில் ஏறுவதில்லை. கப்பல் கடலுக்குப் போன பிறகு தங்கள் தளங்களிலிருந்து பறந்து வந்து இறங்கும். எல்.சி.ஏ.சி.க்களும் அப்படியே, கடலில் பின்கதவு வழியாக உள்ளே வரும். செய்தியில் 'புறப்பட்டது' என்று வரும் நாளில் அணி இன்னும் முழுமையாகச் சேர்ந்திருக்காது.

கடலில் பெட்ரோல் பங்க்

அணி மாதக்கணக்கில் வெளியே இருக்க முடிவதற்குக் காரணம், ஓடிக்கொண்டே எரிபொருள் வாங்குவது. சப்ளைக் கப்பலும் வாங்கும் கப்பலும் 45 முதல் 55 மீட்டர் இடைவெளியில், மணிக்கு 22 முதல் 30 கிலோமீட்டர் வேகத்தில், ஒரே திசையில் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். நடுவில் இறுக்கிக் கட்டிய கம்பியில் குழாய் தொங்கும். இரண்டு கப்பலுக்கும் நடுவில் ஒரு மெல்லிய கயிறு இருக்கும். அதில் 20 அடிக்கு ஒன்றாகச் சின்னக் கொடிகள். பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, மறுபடி பச்சை என்று வரிசை. சுக்கான் கட்டளை தரும் அதிகாரி அந்தக் கொடி நிறத்தைப் பார்த்தே இடைவெளியைச் சொல்லிவிடுவார். இரண்டு கப்பலுக்கும் நடுவே விரைந்து ஓடும் நீர் ஒன்றை ஒன்று நோக்கி இழுக்கும், ஆகவே ஒரு டிகிரி இரண்டு டிகிரி என்றுதான் திசையைத் திருத்துவார்கள். நிலைமை கைமீறினால் குழாயை உடனே கழற்றிப் பிரியும் முறையை ஒவ்வொரு தடவையும் தொடங்கும் முன்பே நினைவூட்டுவார்கள்.

இந்த இடத்தில் சென்னைக்கே ஒரு பங்கு இருக்கிறது. இப்படி உணவும் உதிரிபாகமும் வெடிபொருளும் எரிபொருளும் கொண்டுபோய்க் கொடுக்கும் அமெரிக்கக் கப்பல்களில் ஒன்றான சார்லஸ் ட்ரூ, 2022 ஆகஸ்டில் காட்டுப்பள்ளி எல் அண்ட் டி தளத்துக்குப் பழுதுபார்க்க வந்தது. 2023-ல் அதே வகையைச் சேர்ந்த மேத்யூ பெரியும் வந்தது. சப்ளைக் கப்பல் பழுதுக்காகப் பசிபிக்கைக் கடந்து வீடு போய்த் திரும்பினால், அத்தனை நாளும் முன்னணிக் கப்பல்களுக்கு ஒரு கை குறைவு. பழுது பார்க்கும் இடம் பக்கத்தில் இருந்தால் அந்த நாட்கள் மிச்சம்.

எங்கே உடைகிறது

முதல் எதிரி கப்பலின் வயது. 2024 ஏப்ரல் தொடக்கத்தில் சான் டியேகோவிலிருந்து கிளம்பிய பாக்ஸர் என்ற தலைமைக் கப்பல், சுக்கான் கோளாறால் சில நாட்களிலேயே திரும்பியது; பிறகு ஜூலையில்தான் மறுபடி போக முடிந்தது. அதே அணியின் சாமர்செட் கப்பல் காத்திராமல் ஜனவரியிலேயே தனியாகப் போய்விட்டது. மார்ச் மாதம் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் நம் கடற்படையோடு 'டைகர் ட்ரையம்ஃப்' பயிற்சி செய்தது அந்தக் கப்பல்தான். அதாவது நம் கிழக்குக் கரையில் நின்ற கப்பலின் தலைமைக் கப்பல் அப்போது இன்னும் ஊரை விட்டே கிளம்பவில்லை. 2024 டிசம்பரில் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம், தரையிறங்கு கப்பல்களில் பாதி மோசமான நிலையில் இருப்பதாக அறிக்கை தந்தது. குறைந்தது 31 கப்பல் வேண்டும் என்று அந்த நாட்டில் சட்டமே இருக்கிறது. அப்போது இருப்பில் 32 இருந்தாலும் ஓடுகிற நிலையில் எத்தனை என்பதுதான் கேள்வி.

இரண்டாவது, அணி பிரிவது. 2023 ஜூலை 10 அன்று நார்ஃபோக்கிலிருந்து கிளம்பிய பட்டான் அணியில் பட்டான், கார்ட்டர் ஹால் என்ற இரண்டு கப்பல்களும் செங்கடல் பக்கம் போக, மூன்றாவதான மேசா வெர்டே மத்தியதரைக் கடலில் நின்றது. ஒரே அணி, இரண்டு கடல். இந்த மாதிரி நேரத்தில் பழைய ஏற்றும் திட்டம் பல்லிளித்துவிடும். அறுவை மருத்துவர் ஒரு கப்பலில், ஹெலிகாப்டரின் உதிரிபாகம் இன்னொன்றில், ரேடியோ மெக்கானிக் மூன்றாவதில் என்று இருந்தால், பிரிந்த அன்றே ஒவ்வொரு கப்பலும் அரைகுறை. அதனால் இப்போது நல்ல திட்டக்காரர்கள் ஒவ்வொரு கப்பலையும் தனியே அனுப்பினாலும் ஒரு சிறு வேலையை முழுதாக முடிக்கும்படி ஏற்றப் பார்க்கிறார்கள். இதனால் சில பொருட்களை இரண்டு மூன்று செட் எடுத்துப்போக வேண்டியிருக்கும், இடமும் பணமும் கூடுதலாகப் பிடிக்கும். என் கணக்கில் அது நியாயமான செலவுதான், ஏனென்றால் பிரிவது இப்போது விதிவிலக்காக இல்லை.

பட்டான் அணிக்குப் பயணமும் நீண்டது. திரும்பியது 2024 மார்ச் 21. எட்டு மாதத்துக்கு மேல். ஒரு அணி நீட்டித்தால் அடுத்ததாகப் போக வேண்டியதற்கும், ஷிப்யார்டில் இதற்காக ஒதுக்கிவைத்த இடத்துக்கும் அட்டவணை சரியும். தள்ளிப்போட்ட பராமரிப்பு அடுத்த பயணத்தில் பாய்லராகவோ சுக்கானாகவோ வந்து நிற்கும்.

திரும்பும் வழியில் இன்னொரு பெரிய வேலை உண்டு, செய்தியில் வராதது. அட்லாண்டிக் அணிகள் வழக்கமாக ஸ்பெயினின் ரோட்டா தளத்தில் நின்று எல்லா வண்டிகளையும் இறக்கி, உயர் அழுத்தத் தண்ணீரில் கழுவுவார்கள். சக்கர இடுக்கு, சேஸிஸ், கூடாரத் துணி என்று ஒன்று விடாமல் மண், விதை, பூச்சி போகும்வரை கழுவி, விவசாயத் துறை ஆய்வாளர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே மறுபடி ஏற்ற முடியும். ஊர் போனதும் மரைன்கள் இறங்குவார்கள், வெடிபொருள் இறங்கும், கப்பல் பராமரிப்புக்குப் போகும். பராமரிப்பு, பயிற்சி, பயணம் மூன்றும் சேர்ந்த ஒரு சுற்றுக்குக் காகிதத்தில் போட்டிருக்கும் கணக்கு 36 மாதம்.